கூடிச் செய்வதும் ஒரு கல்விதான்



வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் இன்று நம் பெண்பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள். அவர்களில் கணனித் துறையை எடுத்த பிள்ளைகளின் உம்மாமாருக்கு ஒரு மனக்குறை உண்டு. "தனியாகப் பரீட்சை எழுதினால் என் மகள் முதலாவதாக வருவாள். ஐந்து பேரைச் சேர்த்து ஒரு செயற்றிட்டத்தைக் கொடுத்து, எல்லோருக்கும் சேர்த்துப் புள்ளி போடுகிறார்களே, இது என்ன நியாயம்?" என்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்விதான். பதிலைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

கணனிக்குக் கட்டளை எழுதுவது வேறு, மென்பொருள் பொறியியல் வேறு. முன்னதை ஓர் அறையில் தனியே இருந்து கற்கலாம். ஆனால் ஒரு வங்கியின் கணக்கையோ வைத்தியசாலையின் பதிவுகளையோ தாங்கும் மென்பொருளை ஒருவர் தனியே எழுதி முடிக்க முடியாது. பெரிய மென்பொருள்கள் தவணை கடந்தும், செலவு மிஞ்சியும், பிழைகளோடும் வருகின்றனவே என்று கவலைப்பட்டு, 1968இல் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் அறிஞர்கள் கூடினார்கள். 'மென்பொருள் பொறியியல்' என்ற பெயர் உலகில் பரவியது அந்த மாநாட்டிற்குப் பின்னர்தான்.

ஐபிஎம் நிறுவனத்தில் அத்தகைய பெரிய வேலையொன்றை நடத்திய பிரெட்ரிக் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட நூலில் ஓர் அனுபவ உண்மையைச் சொன்னார். பிந்திப்போன வேலைக்கு மேலும் ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்பதே அது. ஏன் தெரியுமா? 5 பேர் இருந்தால் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டிய சோடிகள் 10. 10 பேரானால் 45! ஆள் கூடக் கூட, ஒருவர் செய்வதை மற்றவருக்கு விளங்கவைப்பதே பெரும் வேலையாகிவிடும். கரைவலையின் இரு பக்கமும் ஒத்து இழுபடாவிட்டால் மீன் நிற்குமா?

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளில் நாம் பட்டது மறக்கக்கூடியதா? பிள்ளையைத் தேடி முகாம் முகாமாக அலைந்த உம்மாமார் எத்தனை பேர்! அந்த நாட்களில் கொழும்பில் கணனி வல்லுநர்கள் தொண்டர்களாகக் கூடி, 'சஹானா' என்ற மென்பொருளைச் சில வாரங்களுக்குள் உருவாக்கினார்கள். சிங்களத்தில் அதற்கு 'நிவாரணம்' என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் என்று அதில் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின் போதும் அது பயன்பட்டது.

இத்தகைய வேலையில் முகாம் பட்டியலை எழுதுபவர் 'பாத்திமா' என்றும், காணாமற்போனோர் பட்டியலை எழுதுபவர் 'ஃபாத்திமா' என்றும் பதியவிட்டால் என்ன நடக்கும்? உயிரோடிருக்கும் மகள் உம்மாவுக்குக் கிடைக்கமாட்டாள். இருவரும் கெட்டிக்காரர்களாக இருக்கலாம். ஆனால் முன்கூட்டியே மஷூரா செய்யவில்லை. அந்த மஷூராவைப் பழக்குவதற்கே குழுச் செயற்றிட்டம்.

அப்படியானால், உழைக்காதவருக்கும் புள்ளி கிடைப்பது சரியா? இல்லை! செய்யாத வேலைக்குப் பெயர் போட்டுக்கொள்வது அமானிதத்துக்கு மோசம் செய்வதாகும். இன்று 'கிட்' போன்ற பதிவுமுறையில் எந்த வரியை யார், எந்த நாளில் சேர்த்தார் என்பது தெரியும். விரிவுரையாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேள்வி கேட்டும் அறியலாம். ஆகவே, உங்கள் மகன் சும்மா இருந்து புள்ளி வாங்கினால் அதைக் கெட்டித்தனம் என்று மெச்சாதீர்கள்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். குழுவில் சில பிள்ளைகளிடம் அறிக்கை எழுதுவதையும் படம் கீறுவதையும் மட்டும் ஒப்படைத்துவிடுவார்கள். கட்டளை எழுதுவதை மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கூச்சத்தில் அவளும் பேசாதிருப்பாள். அறிக்கை எழுதுவது தாழ்ந்த வேலையல்ல. ஆனால் நான்கு வருடமும் அதையே செய்தால், பட்டம் கையில் இருக்கும், தொழில் கையில் இராது.

எனவே, மகள் விடுமுறைக்கு வீடு வரும்போது, "எத்தனை புள்ளி?" என்று மட்டும் கேட்காதீர்கள். "குழுவில் உன் பங்கு எது? அதை எனக்கு விளங்கச் சொல் பார்ப்போம்" என்று கேளுங்கள். குழுவோடு பேச அவளுக்கு நேரமும் அமைதியான ஓர் இடமும் கொடுங்கள். குசினி வேலை கொஞ்சம் பிந்தினால் குறையொன்றுமில்லை. குழுவில் ஒருவர் வேலை செய்யாவிட்டால், அதை மூடி மறைத்துத் தானே சுமக்காமல், முதலில் அவரிடமும், பிறகு விரிவுரையாளரிடமும் கண்ணியமாகச் சொல்லப் பழக்குங்கள்.

நாளை அவள் எழுதும் மென்பொருளை நம்பி ஒரு நோயாளி மருந்து வாங்கக்கூடும், ஓர் ஏழை தன் சேமிப்பைப் போடக்கூடும். அந்தப் பொறுப்பைத் தாங்கும் பழக்கம் இன்றே, அந்த ஐந்து பேருக்குள்ளேயே தொடங்கட்டும்.