பாவைப் பிணைப்போம், படிப்பு அறுபட விடோம்!



பிளஸ் டூ முடிவு வந்த அன்று ராத்திரியே காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளில் ஒரு கணக்கு தொடங்கிவிடுகிறது. மதிப்பெண் கணக்கு இல்லை. இந்தப் புடவை இறங்கினால் கூலி எவ்வளவு, முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்குக் கழிந்தது போக மிச்சம் எவ்வளவு என்கிற கணக்கு. அது உதைத்தால், காலேஜுக்குப் போக வேண்டிய பிள்ளை விடியற்காலையில் ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறது.

பணமே இல்லையா? இருக்கிறது. கேட்டு வாங்கத்தான் ஆள் போகவில்லை.

ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன்: மாதம் 1,000 ரூபாய். அதே பிள்ளை 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியலோ மருத்துவமோ சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. வீட்டில் யாரும் பட்டம் வாங்கியதில்லையா? கலந்தாய்வு வழியாகப் பொறியியல் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை உண்டு. டிப்ளமோவிலோ பொறியியலிலோ சேரும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி, ஆண்டுக்கு 50,000. நெசவாளர் பிள்ளை அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் ஜவுளிப் படிப்பு படித்தால் மத்திய ஜவுளி அமைச்சகம் ஆண்டுக்கு 2 லட்சம் வரை தருகிறது, குடும்பத்தில் இரண்டு பேர் வரை. அப்படிப் படிக்கச் சேலத்திலேயே கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நல வாரியத்தில் பதிந்த நெசவாளியின் பிள்ளைக்குத் தனியாகக் கல்வி உதவி உண்டு. அந்த வாரிய அட்டை உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது? சாமி படத்துக்குப் பின்னால்தானே? கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்?

என் கதையைச் சொல்கிறேன். முதலாம் ஆண்டு உதவித்தொகை வந்தது. இரண்டாம் ஆண்டும் தானாக வரும் என்று உட்கார்ந்திருந்தேன். புதுப்பிக்க வேண்டும் என்று தெரிந்தபோது கடைசித் தேதி போய்விட்டது. அம்மா தார் சுற்றிக் கட்டிய சீட்டுப் பணம் அந்தக் கட்டணத்துக்குப் போனது.

ஒரு பாவு தீர்ந்தால் தறியைப் பிரித்தா போடுகிறோம்? பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கிறோம். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று விட்டுப்போனாலும் புடவை நெடுகக் கோடு விழும். உதவித்தொகையும் அதே வேலைதான், வருஷா வருஷம் பிணைக்க வேண்டும். ஆண்டுக்கு 12,000 தரும் மத்திய அரசு உதவித்தொகையைத் தக்கவைக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். புதுப்பிக்கும் விண்ணப்பமும் போக வேண்டும். ஆதாரில் ஒரு இனிஷியல், மதிப்பெண் பட்டியலில் வேறு இனிஷியல் என்றால் விண்ணப்பம் நிற்கும். வங்கிக் கணக்கில் ஆதார் இணையாவிட்டால் பணம் நிற்கும்.

இந்த ஊர் நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த அண்ணா, கையில் காசில்லாமல் படிப்பை நிறுத்தி நகராட்சியில் எழுத்தர் வேலைக்குப் போனவர். பிறகு, 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியாரின் அறப்பணத்தில் எழுந்த கல்லூரியில் ஆனர்ஸ் முடித்தார். அந்த இழை எழுத்தர் மேசையோடு அறுந்திருந்தால்?

ஆகவே தோழர்களே, தெருவுக்கு ஒரு மேசை, ஒரு லேப்டாப், படித்த இரண்டு பேர். தறி நிற்கும் அந்திப் பொழுதில் தினமும் விண்ணப்பம் நிரப்ப உட்காருவோம். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்துக்குச் சேர்ந்தே போவோம். ஏற்கெனவே காலேஜில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் நோட்டில் எழுதி, புதுப்பிக்கும் கடைசித் தேதியைப் பக்கத்தில் குறிப்போம். உதவித்தொகை தாமதமானால் ஹால் டிக்கெட்டை நிறுத்தாதே என்று கல்லூரி வாசலில் சேர்ந்து நின்று கேட்போம்.

நாளை சாயங்காலமே உங்கள் தெரு மேசைக்கு வாருங்கள். வரும்போது சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த அட்டையை எடுத்து வாருங்கள்!