உதிரி பேட்டரி வாங்கும்போது

கேனன் எல்பி-இ6 பேட்டரி 2008-இல் 5டி மார்க் 2 கேமராவுடன் வந்தபோது அதன் கொள்ளளவு 1800 மில்லி ஆம்பியர் மணி. 2020-இல் ஆர்5 கேமராவுடன் வந்த எல்பி-இ6என்ஹெச்சில் அது 2130. வெளிக்கூடு அதே அளவுதான். பன்னிரண்டு ஆண்டுகளில் கூடியது இவ்வளவே. அப்படியிருக்க, அதே கூட்டுக்குள் 3000 அடங்கியிருப்பதாக அச்சிட்டு பாதி விலைக்கு விற்கும் பேட்டரியை நான் தொடமாட்டேன். எண்ணிலேயே பொய் சொல்பவர், உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றில் மட்டும் நேர்மையாக இருப்பாரா?

வேற்று நிறுவன பேட்டரி எல்லாமே மோசம் என்றும் சொல்லமாட்டேன். தன் பெயரைத் துணிந்து போட்டு, நம்பத்தக்க கொள்ளளவைக் குறிப்பிட்டு, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 16046 பதிவோடு வருவதை உதிரியாக வைத்துக்கொள்வது நியாயமான சிக்கனம். கேனன் பெயரையே ஒட்டிவரும் போலிதான் மிக ஆபத்து. அசல் விலையைக் கொடுத்தும் ஏமாறுவோம்.

கல்யாண வீட்டில் படம் எடுப்பவர்களுக்கு மட்டும் என் பேச்சு கறாரானது. மலிவான சில பேட்டரிகள் மீதமுள்ள சார்ஜைச் சரியாகக் காட்டாது. பாதி இருப்பதாகக் காட்டிவிட்டுச் சட்டென அணைந்துவிடும். தாலி கட்டும் நேரத்தை யாரும் இரண்டாம் முறை நடத்தித் தரமாட்டார்கள். முகூர்த்தத்துக்கு அசல் பேட்டரி, வரவேற்புக்கு வேண்டுமானால் மற்றது. உப்பத் தொடங்கிய பேட்டரி எந்த நிறுவனத்துடையதானாலும் அன்றே மின்கழிவு சேகரிப்பவரிடம் போகட்டும்.