அகல லென்ஸில் போனஸைக் கொட்டலாமா?

ஆயுத பூஜை நெருங்கும்போது போனஸ் கைக்கு வருகிறது. அதை என்ன செய்வது என்ற பேச்சு மல்காஜ்கிரி, மௌலா அலி, லாலாகுடா பகுதிகளில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் அதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடும். ஒரு காலத்தில் தையல் மிஷின், கிரைண்டர், மின்விசிறி என்று அந்தப் பணம் போயிற்று. இப்போது அந்த வரிசையில் காமிராவும் சேர்ந்துவிட்டது. காமிரா ஏற்கெனவே இருக்கும் வீட்டில் அடுத்த ஆசை, ‘வைட் ஆங்கிள்’ எனப்படும் அகலக் கோண லென்ஸ்.

ஆசையில் தவறில்லை. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். ரயில்வே ஊழியர்களுக்கு 2024-ல் தரப்பட்ட 78 நாள் போனஸின் உச்ச அளவு 17,951 ரூபாய். பெரிய கம்பெனிகளின் உயர்ரக அகல லென்ஸ் ஒன்றின் விலையோ ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. மிச்சத்துக்குத் தவணை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்திலும் அந்தத் தவணை தவறாமல் வந்து வாசலில் நிற்கும். இவ்வளவு சுமையை ஏற்க வேண்டிய அவசியம், ஊர் சுற்றிப் படம் எடுக்கும் ஒரு குமாஸ்தாவுக்கோ தொழிலாளிக்கோ இல்லை.

எல்லாம் அடங்கினால் படமா?

அகல லென்ஸ் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “முழுக் காட்சியும் அடங்க வேண்டும்.” ஏமாற்றம் தொடங்குவதும் இங்கேதான். புது லென்ஸோடு மௌலா அலி குன்றின் அடிவாரத்துச் சாலையில் நின்று ஒரு படம் எடுத்துப் பார்த்தால் தெரியும். எல்லாம் அடங்கியிருக்கும், குன்று மட்டும் புற்று அளவுக்குக் குறுகியிருக்கும். கீழ்ப்பாதி முழுதும் தார்ச்சாலை, மேல்பாதியில் வெறும் வானமும் மின்கம்பிகளும். ஊரில் இருக்கும் தாயாருக்கு அந்தப் படத்தை அனுப்பினால், “மலை எங்கேப்பா?” என்றுதான் கேட்பார்.

காரணம் எளிது. 35 மி.மீ. பிலிம் அளவுக் காமிராவில் 50 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை சுமார் 47 டிகிரி பார்க்கிறது. 28 மி.மீ. லென்ஸ் 75 டிகிரியும், 24 மி.மீ. 84 டிகிரியும், 16 மி.மீ. 107 டிகிரியும் பார்க்கின்றன. பார்வை அகன்றாலும் படத்தின் அளவு மாறுவதில்லை. எனவே அதனுள் விழும் ஒவ்வொன்றும் சிறுத்துப் போகிறது. ஒரே இடத்தில் நின்று எடுத்தால், 50 மி.மீ. லென்ஸில் மூன்று அங்குல உயரம் விழும் குன்று 16 மி.மீ. லென்ஸில் ஒரு அங்குலம்தான் விழும்.

அப்படியானால் இந்த லென்ஸ் எதற்கு? பக்கத்தில் இருப்பதைத் தூரத்தில் இருப்பதோடு சேர்த்துக் காட்டத்தான். இந்த வட்டாரத்துக் கருங்கல் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள் என்கிறார்கள் புவியியல் அறிஞர்கள். அவற்றில் பல உடைபட்டுக் கட்டடங்களாகிவிட்டன. மிஞ்சியிருக்கும் ஒரு பாறைக்கு நான்கடி தூரத்தில் குந்தி உட்கார்ந்து, பாறையின் வெடிப்பு முன்னால் பெரிதாகவும், குன்றின் மேலிருக்கும் தர்கா பின்னால் சிறிதாகவும் விழும்படி எடுத்தால் அது படம். 24 மி.மீ. லென்ஸில் துவாரத்தை எப்/8 அளவில் வைத்து, எட்டடி தூரத்துக்குக் கூர்மையைச் சரி செய்தால் போதும். நாலடியிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். அகல லென்ஸ் வைத்திருப்பவர் பொருளை நெருங்கிப் போக வேண்டும். பின்வாங்கிக் கொண்டே போகிறவருக்கு அது பயன்படாது.

கோபுரம் ஏன் சாய்கிறது?

இங்கிருந்து விடுமுறையில் ஊருக்குப் போகும் தமிழர்கள் அதிகமாக எடுப்பது கோபுரப் படங்களைத்தான். கோபுரம் பின்பக்கம் சாய்ந்து விழுகிறாற்போலப் படம் வந்துவிட்டது என்ற குறையும் அவர்களிடமே அதிகம். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. காமிராவை அண்ணாந்து பிடித்தால் எந்த லென்ஸிலும் கோபுரம் சாயும். அகல லென்ஸில் அது கண்ணை உறுத்தும்படி தெரியும்.

திருவரங்கத்து ராஜகோபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1987-ல் கட்டி முடிக்கப்பட்ட அதன் உயரம் 236 அடி. காமிராவைச் செங்குத்தாகத் திருப்பி, சிறிதும் அண்ணாந்து பார்க்காமல் மட்டமாகப் பிடித்துக் கலசம் வரை அடக்க வேண்டுமானால், 24 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 310 அடி தள்ளி நிற்க வேண்டும். 16 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 205 அடி. நூறடி லாபம் உண்மைதான். ஆனால் அந்த நூறடிக்காக ஒரு லட்சம் செலவழிப்பதா, அல்லது கடைகள் திறக்கும் முன் விடியற்காலையில் போய் நூறடி பின்னால் நடப்பதா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

துண்டு துண்டாக எடுத்தவர்

அகல லென்ஸ் கைக்கு எட்டாத காலத்திலும் அகலமான படங்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயர், 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் படமாக்கினார். எந்த லென்ஸாலும் ஒரே படத்தில் அடக்க முடியாத நீளம் அது. ட்ரைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, 19 அடிக்கு மேற்பட்ட ஒரே படமாக ஆக்கினார்.

அதே வேலையை இன்று செல்போனே செய்துவிடுகிறது. காமிராவில் செய்வதும் கடினமல்ல. காமிராவைச் செங்குத்தாகப் பிடித்து, நின்ற இடம் மாறாமல், ஒவ்வொரு படமும் முந்தியதில் மூன்றில் ஒரு பங்கை மறுபடியும் காட்டும்படி நாலைந்து படங்கள் எடுத்தால், ஹியூகின் போன்ற இலவச மென்பொருள் அவற்றை ஒட்டிக் கொடுத்துவிடும். கோல்கொண்டாக் கோட்டை உச்சியிலிருந்து நகரத்தைப் படமெடுக்க இந்த வழியே போதும். கூட்டம் நகரும் இடத்திலும் அலை அடிக்கும் இடத்திலும்தான் ஒட்டு சரியாக வராது.

இந்த நகரத்திலேயே இன்னொரு முன்னோடி உண்டு. ராஜா தீன் தயாள், இந்தூரில் பொதுப்பணித் துறையில் வரைவாளராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். 1870-களில் காமிராவைக் கையிலெடுத்து, 1880-களில் செகந்திராபாத்தில் ஸ்டுடியோ வைத்து, ஆறாவது நிஜாமின் அரண்மனைப் புகைப்படக்காரரானார். கனமான காமிராவையும் முக்காலியையும் கண்ணாடித் தட்டுகளையும் தூக்கிச் சென்று எடுத்த படங்கள் அவருடையவை. ஒரு தட்டுக்கு ஒரு படம்தான் என்பதால் நிற்கும் இடத்தை யோசித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அந்த யோசனை இன்றைக்கும் காசில்லாமல் கிடைக்கிறது.

வாங்கத்தான் வேண்டுமென்றால்

அகல லென்ஸே வேண்டாம் என்பதல்ல வாதம். குறுகலான மண்டபத்துக்குள்ளும் சிறிய வீட்டுக்குள்ளும் படம் எடுக்கிறவருக்கு அது தேவைதான். கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவருக்கும், இரவில் நட்சத்திரங்களைப் படம் பிடிப்பவருக்கும் வெளிச்சத்தை அதிகம் வாங்கும் எப்/2.8 லென்ஸ் நியாயமான செலவே. பகல் வெளிச்சத்தில் மலையும் ஏரியும் எடுப்பவர் எப்/8, எப்/11 என்று துவாரத்தைச் சுருக்கியே எடுப்பார். அவருக்கு எப்/2.8 என்பது வீண் விலை, வீண் பாரம்.

தேவை இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. செல்போனின் சாதாரணக் காமிராவே ஏறக்குறைய 24 முதல் 28 மி.மீ. லென்ஸ் பார்ப்பதைத்தான் பார்க்கிறது. 0.5 அல்லது 0.6 என்று எழுதிய பொத்தான் இருந்தால் அது சுமார் 13 முதல் 16 மி.மீ. கடந்த ஓராண்டில் எடுத்த படங்களில் எத்தனை அந்தப் பொத்தானில் எடுத்தவை, அவற்றில் எத்தனை மனதுக்குப் பிடித்தன என்று எண்ணிப் பார்க்கலாம். காமிராவோடு வந்த 18–55 லென்ஸில் எடுத்த படங்களிலும், எந்த மி.மீ. அளவில் எடுத்தது என்ற குறிப்பு பதிவாகியிருக்கும். பெரும்பாலும் 18-லேயே முட்டி நின்றிருந்தால் அகல லென்ஸ் வேண்டியதுதான். 35-க்கும் 55-க்கும் இடையில் இருந்தால், புது லென்ஸ் பீரோவில்தான் தூங்கும்.

சிறிய சென்சார் உள்ள காமிராக்களில், கேனான் என்றால் 1.6, நிக்கான், சோனி என்றால் 1.5 என்று பெருக்கிக் கணக்கிட வேண்டும். அதாவது 18 மி.மீ. என்பது அங்கே 27 அல்லது 29 ஆகிவிடும். அத்தகைய காமிராவுக்கு 2014-ல் வந்த கேனான் 10–18, 2017-ல் வந்த நிக்கான் 10–20 போன்ற லென்ஸ்கள் போதும். எடை கால் கிலோவுக்கும் குறைவு. விலையும் உயர்ரக லென்ஸ்களின் விலையில் சிறு பங்குதான். நிக்கானின் 14–24 எப்/2.8 பழைய லென்ஸோ சுமார் ஒரு கிலோ. அதன் முன்கண்ணாடி புடைத்திருப்பதால் சாதாரண பில்டர் மாட்டவும் முடியாது. ஜெனரல் பெட்டியில் இரவெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

பழைய லென்ஸ் வாங்குவதிலும் கேவலமில்லை. கோட்டிக் கடைகளில் கேட்டுப் பார்க்கும்போது சொந்தக் காமிராவைக் கையோடு கொண்டு போக வேண்டும். நிக்கானின் அந்த 10–20 சில பழைய நிக்கான் காமிராக்களில் கூர்மையைச் சரி செய்யாது. லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செங்கல் சுவர் ஒன்றை நேராக நின்று எடுத்து, நான்கு மூலைகளும் ஒரே தெளிவோடு இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் அந்த லென்ஸை அங்கேயே வைத்துவிட்டு வருவது நல்லது. நீல வானத்தைக் கருமையாக்க போலரைசர் பில்டரும் வாங்கச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்தினால் பொறுத்துக் கொள்ளலாம். அகல லென்ஸில் அது வானத்தின் ஒரு பாகத்தை மட்டும் கறுக்க வைத்துப் படத்தைக் கெடுப்பது உண்டு.

இரண்டு நாள் வாடகைக்கு ஒரு லென்ஸ் எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மௌலா அலி குன்றில் ஏறிப் பார்ப்பது எல்லாவற்றிலும் சிக்கனமான வழி. பத்துப் படம் நன்றாக வந்தால் அடுத்த போனஸில் வாங்கிக்கொள்ளலாம். வராவிட்டால் வாடகையோடு போயிற்று. மிஞ்சிய பணத்தில் குடும்பத்தோடு பீதருக்கோ ஹம்பிக்கோ போய் வரலாம். எடுத்த படங்களில் நல்லதாக இரண்டைப் பெரிதாகப் போட்டு ஊருக்கும் அனுப்பலாம்.