பாட்டுக்குப் பெயரிடுவதும் தமிழ்த்தொண்டே!

மன்னார்புரத்துத் தமிழன்பர் ஒருவர், தேவாரப் பாட்டொலிகளைத் தம் கணினியில் தொகுப்பதாகக் கொள்க. திருச்சிராப்பள்ளிமேல் ஞானசம்பந்தர் பாடிய பதிகம், முதல் திருமுறையில் 98-ஆவது. அதன் பண் குறிஞ்சி. அவ்வொலிக்கோப்பை எந்தக் கோப்புறையில் இடுவது? பாடியவர் பெயரிலா, ஊர்ப் பெயரிலா, பண்ணின் பெயரிலா? ஒன்றில் இட்டால் மற்ற இரண்டில் தேடுவோர்க்கு அஃது அகப்படாது. மூன்றிலும் படியெடுத்து வைத்தாலோ, ஒன்றில் திருத்திய பிழை மற்ற இரண்டில் அப்படியே நிற்கும்.

இச்சிக்கல் கணினியோடு பிறந்ததன்று. தேவாரத்தைப் பண்முறையாகவும் தலமுறையாகவும் அடைவு செய்தவர்கள் நம் முன்னோர். பரிபாடலிலோ, இன்று கிடைக்கும் பாடல்களுள் பெரும்பாலானவற்றின் கீழ்ப் பாடியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டுள்ளன. இன்று ‘குறிச்சொல்’ எனப்படுவது வேறென்ன? பாட்டு எங்கே சென்றாலும் அதன் வரலாறு அதனோடு செல்ல வேண்டும் என்பதே அம்முறையின் உயிர்.

ஆனால், அயலார் வகுத்த சட்டகத்தில் தமிழ் படும் பாட்டைப் பாருங்கள்! எம்.பி.3 கோப்புகளுக்கென 1996-இல் தோன்றிய ஐடி3 குறிப்புமுறை, பாட்டின் பெயருக்கு 30 பைட்டு இடமே தந்தது. ‘திருச்சிராப்பள்ளி’ என்னும் ஒரு சொல்லை ஒருங்குறியின் யு.டி.எஃப்-8 முறையில் எழுதவே 51 பைட்டு வேண்டும்! அம்முறை பட்டியலிட்ட 80 இசை வகைகளுள் தமிழிசைக்கு இடமில்லை. பண்ணுக்கும் ஊருக்கும் தனிக் கட்டமில்லை. 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பே அந்நெருக்கடியை நீக்கி, ஒருங்குறிக்கும் நாமே அமைக்கும் கட்டங்களுக்கும் வழிதிறந்தது.

வழி திறந்து கால் நூற்றாண்டு கடந்தும், நம்மவர் பலர் தமிழ்ப் பாட்டின் பெயரை ஆங்கில எழுத்திலேயே பொறிக்கின்றனர். ‘திருவானைக்கா’வை ஒருவர் ஒருவகையாகவும் மற்றவர் வேறுவகையாகவும் எழுதுவர், லகர, ளகர, ழகர வேறுபாடு அழியும், ஓரூர்ப் பாட்டுகள் பல பெயர்களில் சிதறித் தேடுவார்க்குக் கிட்டாமற் போகும். இருந்தும் இல்லாத செல்வமன்றோ அது?

எனவே கோப்புறையா, குறிச்சொல்லா என வழக்காட வேண்டா. கோப்புறை வீடு, வீடு ஒன்றே போதும். குறிச்சொல் உறவு, உறவு பலவாகலாம். திருமுறை வரிசையில் கோப்புறை அமைக. பாடியவர், ஊர், பண், ஓதுவார் பெயர், பதிவாண்டு ஆகியவை கோப்பினுள்ளேயே தமிழெழுத்தில் பதிக. ஒலிப்பியக்கும் செயலியின் நினைவில் மட்டும் பதிந்தவை, கணினி மாறும்போது மறைந்துபோகும். கோப்பினுள் பதிந்தவையோ கோப்போடு செல்லும்.

ஓலையின் அடியில் பண்ணைக் குறித்த கைகள் பெயரின்றி மறைந்தன; பண் மறையவில்லை. தமிழர்களே! இன்று உங்கள் விரல்நுனியில் இருப்பதும் அப்பணியே. செய்யுங்கள்!