டேங்குக்குள்ள சூரியன்... எத்தனை மணிக்கு ஸ்விட்ச் ஆஃப்?

கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணி, கலர் கலரா பவளம், நடுவுல ஆரஞ்சு கலர்ல ஒரு கோமாளி மீன். 2003-ல் 'ஃபைண்டிங் நீமோ' வந்ததிலிருந்து இந்த ஆசை பலரைப் பிடிச்சு ஆட்டுது. ரீஃப் டேங்க் வெச்சிருக்கிற யாரையாவது நிறுத்தி, "பாஸ், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் லைட் போடணும்?"னு கேளுங்க. "எட்டுல இருந்து பத்து"னு யோசிக்காம பதில் வரும். பதில் சரிதான். ஆனா ஸ்டெப்ஸ் எழுதாம ஆன்ஸர் மட்டும் எழுதின பேப்பர் மாதிரி, பாதி மார்க்தான் போட முடியும். மீதிப் பாதி தெரியாம டேங்க் வெச்சா அரியர் விழுறது நமக்கில்லை, பவளத்துக்கு. அதுக்கு சப்ளிமென்டரி எக்ஸாமும் கிடையாது!

பவளம் கல்லும் இல்லை, செடியும் இல்லை. அது ஒரு விலங்கு. அதோட சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி குடியிருக்கு. பேரு ஸூசாந்தெல்லே (நாக்கு சுளுக்கினா கம்பெனி பொறுப்பில்லை). இந்த வாடகைதாரர் வெளிச்சத்தை வெச்சு சமைச்சு, அதுல பெரும்பங்கை வீட்டு ஓனருக்கே கொடுத்துடுவார். ரீஃப் கட்டுற பல பவளங்களுக்கு வேண்டிய எனர்ஜியில் 90 சதவிகிதம் வரைக்கும் இப்படி வர்றதுதான். ஆக, டேங்க் மேல தொங்குற லைட் கல்யாண வீட்டு சீரியல் செட் இல்லை. அதுதான் மெஸ்.

இப்ப சொல்லுங்க... மெஸ் எத்தனை மணி நேரம் திறந்திருக்குங்கிறது முக்கியமா, தட்டுல எவ்வளவு சோறு விழுதுங்கிறது முக்கியமா? சோற்றை அளக்க ஒரு கணக்கு இருக்கு. அதைச் சுருக்கமா 'பார்'னு சொல்வாங்க (நீங்க நினைக்கிற பார் இல்லை மச்சி!). ஒளிச்சேர்க்கைக்கு உதவுற ஒளித்துகள் ஒரு சதுர மீட்டர்ல ஒரு செகண்டுக்கு எவ்வளவு விழுதுங்கிறதுதான் அது. யூனிட், மைக்ரோமோல். உச்சி வெயில்ல வெப்பமண்டலக் கடலோட மேற்பரப்பில் இது சுமார் 2,000. டேங்க்ல அவ்வளவெல்லாம் வேண்டாம். காளான் பவளம், தோல் பவளம் மாதிரி சாஃப்ட் பார்ட்டிகளுக்கு 50-லிருந்து 150 போதும். கிளை கிளையா வளர்ற அக்ரோபோரா வகைக்கு 200-லிருந்து 350 வரைக்கும் வேணும்.

கால்குலேட்டரை எடுங்க. 150 மைக்ரோமோல், ஒன்பது மணி நேரம். செகண்டா மாத்திப் பெருக்கினா கிட்டத்தட்ட 4.9 மோல். வெறும் 50 மைக்ரோமோலை 24 மணி நேரமும் எரியவிட்டா 4.3 மோல். 'அட, மங்கலான லைட்டை விடிய விடிய போட்டா விஷயம் முடிஞ்சுதே'ன்னு தோணும். அங்கதான் கணக்கு காலை வாரும். வெளிச்சம் ரொம்பக் குறைஞ்சா, அந்தப் பாசி சமைக்கிறது பாசியும் பவளமும் மூச்சு விடுறதுக்கே சரியாப் போயிடும். மிச்சம் பிடிக்க ஒண்ணும் இருக்காது. நாள் முழுக்கத் திறந்திருந்தும் சோறு இல்லாத மெஸ்!

இன்னொரு வில்லன், நம்ம கண்ணு. தண்ணி முதல்ல முழுங்குறது சிவப்பு வெளிச்சத்தை. ஆழத்துக்குப் போகப் போக மிஞ்சுறது நீலம்தான், அதனால அந்தப் பாசியும் நீலத்துக்குப் பழகினது. நம்ம கண்ணுக்கோ பச்சைதான் பளிச். லக்ஸ் மீட்டரும் நம்ம கண்ணை நம்பித்தான் அளக்குது. நமக்கு 'என்னடா டல்லா இருக்கு'ன்னு தோணுற நீல எல்.இ.டி., பவளத்துக்குக் கொளுத்துற வெயிலா இருக்கலாம். அதனால கண்ணை நம்பி ஏத்தி இறக்காதீங்க. ஒரு நாளைக்காவது பார் மீட்டரை யார்கிட்டயாவது இரவல் வாங்கி அளந்துடுங்க.

சரி, வெப்பமண்டலத்தில் பகல் சுமார் 12 மணி நேரம், டேங்க்ல மட்டும் ஏன் எட்டு, பத்து? காலையிலும் சாயங்காலமும் சூரியன் சாய்வா அடிக்கும். ஒரு பங்கு வெளிச்சம் அலையிலேயே பட்டுத் தெறிச்சுடும், மீதி நீளமா தண்ணியைக் கடந்து வரணும். நல்ல வெயில்னா நடுப்பகல் சில மணி நேரம்தான். நம்ம லைட்டோ ஸ்விட்ச் போட்ட செகண்ட்லயே உச்சி வெயில். அதனால எட்டு மணி நேரம் முழுசா, முன்னாடி பின்னாடி ஒவ்வொரு மணி நேரம் மெதுவா ஏத்தி இறக்கினா போதும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு கெஸ்ட் வர்றாங்கன்னு லைட் போடுறவங்கதான் ஜாஸ்தி. இருட்டினதும் பல பவளங்கள் கொடுக்கை நீட்டி மிதக்கிற நுண்ணுயிரைப் பிடிச்சு சாப்பிடும். அது அதோட டின்னர் டைம், கெடுக்காதீங்க. ராத்திரிதான் டேங்க் அழகைப் பார்க்கணும்னா, மதியம் ஒரு மணிக்கு ஆன், பத்து மணிக்கு ஆஃப்னு டைமர்ல வெச்சிடுங்க. பவளத்துக்கு நம்ம கடிகாரம் தெரியாது. தினமும் அதே நேரமா இருந்தா சரி.

குறைஞ்சா பட்டினி. கூடினா? பாசி தாங்குற அளவைத் தாண்டினதும் நச்சு ஆக்ஸிஜன் உருவாகும். பவளம் குடித்தனக்காரரையே வெளிய துரத்திடும், கலர் போய் வெள்ளையா நிக்கும். புது எல்.இ.டி. வாங்கின ஜோர்ல முதல் நாளே நூறு பர்சன்ட் வெச்சா இதுதான் நடக்கும். பாதியில ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துல ஏத்துங்க. தண்ணி சூடாச்சுன்னா நேத்து வரைக்கும் சாப்பாடா இருந்த அதே வெளிச்சமே விஷமாயிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016-ல் பவளங்கள் வெளுத்துப் போனது கடல் சூடானதால்தான்.

'லைட் டைமுக்கு இவ்வளவு பில்டப்பா?'ன்னு கேட்டா, லண்டன் ஹார்னிமன் மியூசியத்தைப் பாருங்க. ஜேமி க்ராக்ஸ் டீம், பவளத்தோட சொந்தக் கடலில் பகல் எவ்வளவு நீளுது, நிலா என்னிக்கு வளருது, தண்ணி எப்போ சூடாகுதுன்னு வருஷம் முழுக்க டேங்க்ல அப்படியே காப்பி அடிச்சாங்க. கட்டிடத்துக்குள்ள இருந்த பவளங்கள் கரெக்டா முட்டை போட்டுச்சு. 2017-ல் அந்த முறையை வெளியிட்டாங்க. 2019-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா அக்வேரியத்தில், அழிவின் விளிம்பில் நிக்கிற தூண் பவளமும் இதே டெக்னிக்ல முட்டை போட்டுச்சு.

இதைப் படிச்சுட்டு தூத்துக்குடி பஸ் ஏறிடாதீங்க. கல் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில் இருக்கு. "எல்லாரும் வாங்குறாங்க தம்பி"ன்னு கடைக்காரர் சொன்னா, கும்பிடு போட்டுட்டுக் கிளம்புங்க. மேலே சொன்ன கணக்கெல்லாம், டேங்க்லயே வளர்த்த பவளத்துண்டு கடையில் கிடைக்கிற அமெரிக்கா மாதிரி ஊர்ல எம்.எஸ். படிக்கிற உங்க சீனியருக்கு. நம்ம ஊர்ல உப்புத் தண்ணி, உயிரில்லாத பாறை, மீன் மட்டும். மீனுக்கு 'பார்' கணக்கே வேண்டாம், சாதா லைட் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் தாராளம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழக மையமும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வெச்சு வளர்த்துக் காட்டியிருக்காங்க. கடையில் கேட்கும்போது, கடலில் பிடிச்சதா, தொட்டியில் பிறந்ததான்னு கேட்டு வாங்குங்க. தொட்டியில் பிறந்த நீமோ, கடல் சாமந்தியே இல்லாமலும் ஜம்முனு இருக்கும்.