வேன் இருமுதா பாஸ்?

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று டீ குடிக்கிறீர்கள். காவிரிப் பாலத்தில் வரும் அப்பாவின் பழைய ஆம்னி, கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிகிறதா? "டேய், உங்க வீட்டு டிராக்டர் வருதுடா!" என்று ஃப்ரெண்ட்ஸ் கலாய்க்கிறார்களா? அப்படின்னா, சைலன்சர் போச்சு!

சிரிச்சுட்டு விட்டுடாதீங்க. ஆம்னியில் எஞ்சின் இருப்பது முன்சீட்டுக்கு அடியில். அங்கே குழாயில் ஓட்டை விழுந்தால் புகை வண்டிக்குள்ளேயே வரலாம். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் ஏறிய பாட்டி ஜங்ஷன் வருவதற்குள் "தலை வலிக்குதுடா" என்றால், வெயிலைத் திட்டாதீங்க. உடனே கண்ணாடியை இறக்கி, வண்டியை ஓரங்கட்டி, பாட்டியைக் காற்றாட உட்கார வையுங்க.

ஏன் அழுகுது? பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். சத்திரம் டு ராஜகோபுரம் என்று குட்டிச் சவாரியே போனால் சைலன்சர் முழுசா சூடாகாது. ஆவி தண்ணீராகி உள்ளேயே தேங்கும். துரு உள்ளிருந்து அரிக்கும். வாரம் ஒரு தடவை சமயபுரம் வரை போய் வாங்க, அம்மனையும் பார்த்த மாதிரி இருக்கும்!

வாங்குமுன் ஒரு டெஸ்ட். வெட்டவெளியில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, பின்குழாயைக் கனமான துணியால் இரண்டு விநாடி பொத்துங்க. 'உஸ்ஸ்' சத்தம் எங்கிருந்து வருதோ, அங்கேதான் ஓட்டை. கேஸ்கெட், கிளாம்ப் மட்டும் போயிருந்தால் சின்னச் செலவு. தகடு கெட்டியா இருந்தால் வெல்டிங் போதும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பொத்தல் விழுதா? வெல்டிங் நிக்காது, மாத்தத்தான் வேணும்.

1984-ல் வந்த இந்த வேனின் தயாரிப்பு 2019-ல் நின்றுவிட்டது. ஆனாலும் உதிரி பாகம் கிடைக்கும். ஆறு மாசத்தில் வண்டியை விற்கப் போறீங்களா? சாதா இரும்பு சைலன்சர் போதும். இன்னும் சில வருஷம் ஓட்டணுமா? கொஞ்சம் கூடுதல் போட்டு அலுமினியப் பூச்சு உள்ளதை வாங்குங்க. காயலான் கடைச் சரக்கா? குலுக்கிப் பாருங்க. உள்ளே 'கலகல' சத்தம் வந்தால், திருப்பிக் கொடுத்துட்டு வந்துடுங்க.

கடைசியா ஒண்ணு. பிற்கால மாடல்களில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருக்கும். "இதைக் கழட்டிட்டு வெறும் பைப் போட்டுக்கலாம் தம்பி, மைலேஜ் ஏறும்" என்று யாராவது சொன்னால் உஷார். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கு. பழசுக்கே நல்ல விலை! மாசு அளவு எகிறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் வரலாம்.

திரும்பிப் பார்க்க வைக்க ஆயிரம் வழி இருக்கு பாஸ். சத்தம் அதில் சேராது. இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு சேர்ந்து வண்டிக்கு அடியில் ஒரு எட்டு எட்டிப் பாருங்க. பாட்டிக்காகவாவது!