என்ஜினீயர் கம்பெனி மாறினால் துரோகமா?

சித்தேரி, தர்மபுரி மாவட்டம்:
சித்தேரி மலையில் இருந்து அரூருக்கு இறங்கி வரும் பஸ்சில் இப்போது ஒரு புது ரகப் பயணிகளைப் பார்க்கலாம். டிப்ளமோ முடித்த பையன், என்ஜினீயரிங் முடித்த பெண். அரூரில் இறங்கி ஓசூர் என்றும் பெங்களூர் என்றும் வண்டி மாறிப் போய்விடுகிறார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் மார்க் ஷீட், டிகிரி சர்ட்டிபிகேட், சாதிச் சான்றிதழ். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தக் கவர்தான் குடும்பச் சொத்து.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்தக் கவர் கம்பெனி பீரோவுக்குள் போய்விடுகிறது! எல்லாக் கம்பெனிகளும் அப்படி அல்ல. சின்னச் சின்ன சாப்ட்வேர் கம்பெனிகளில்தான் இந்த வேலை நடக்கிறது. "இரண்டு வருஷம் இருக்கணும். நடுவில் போனால் லட்சக்கணக்கில் கட்டணும்" என்று முத்திரைத்தாளில் ஒரு கையெழுத்து. கூடவே தொகை எழுதாத செக் ஒன்று.

ஆறு மாதத்தில் வேறு இடத்தில் கூடுதல் சம்பளம் கிடைக்கிறது. பையனால் நகர முடியவில்லை. "துரோகி" என்கிறார் மேனேஜர். "சோறு போட்ட இடத்தை விட்டுப் போறியேடா" என்று வீட்டிலும் திட்டு.

வேலை மாறுவது அவ்வளவு பெரிய பாவமா? பெரிய இடத்தில் நடந்ததைப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

எதிரி கம்பெனிக்குப் போனவர்

பிரபாகர் ராகவன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் பல வருஷம் இருந்தார். பிறகு வெரிட்டி கம்பெனி. 2005-ல் யாகூவில் சேர்ந்து அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவர் ஆனார். கம்ப்யூட்டரில் தகவல் தேடும் வித்தை பற்றி மாணவர்கள் படிக்கும் பாடப்புத்தகத்தை எழுதியவர்களில் அவரும் ஒருவர். சாதாரண ஆள் அல்ல.

2012-ல் அவர் யாகூவை விட்டார். போன இடம் எது தெரியுமா? கூகுள்! யாகூவை ஓரங்கட்டி ஒன்றும் இல்லாமல் ஆக்கிய அதே கூகுள்.

இன்னும் வேடிக்கை கேளுங்கள். அதே 2012-ல், ஜூலை மாதம், கூகுளில் ஆரம்ப நாளில் இருந்து என்ஜினீயராக இருந்த மரிசா மேயர் என்ற பெண்மணி யாகூவின் தலைமை அதிகாரியாகப் போனார். பஸ் ஸ்டாண்டில் ஒரே படிக்கட்டில் ஒருவர் ஏற ஒருவர் இறங்கியது போல் இருந்தது.

கோர்ட்டு, கேஸ் என்ற பேச்சே எழவில்லை. "துரோகி" என்று யாரும் கத்தவில்லை. ராகவன் 2020-ல் கூகுளின் தேடல் பிரிவுக்கே தலைவர் ஆனார். 2024-ல் அங்கே தலைமைத் தொழில்நுட்பப் பொறுப்புக்கு உயர்ந்தார்.

நம் ஊர் ஆசாமியும் உண்டு. திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்த சிவ நாடார் டெல்லியில் டி.சி.எம். கம்பெனியில் வேலை பார்த்தவர். கூட வேலை பார்த்த நண்பர்களையும் சேர்த்துக் கொண்டு வெளியே வந்து 1976-ல் தொடங்கியதுதான் எச்.சி.எல். அன்று பாண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தால் இன்று அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் லட்சக்கணக்கானவர்கள் எங்கே போயிருப்பார்கள்?

1872-ம் வருஷத்துச் சட்டம்

ராகவன் போன கலிபோர்னியா மாகாணத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவன் தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்யக்கூடாது என்று எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்பதுதான் அது. 1872-ல் வந்தது.

இந்தியாவிலும் அதே சட்டம், அதே 1872-ல் வந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-வது பிரிவு. இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். நியூயார்க்கில் டேவிட் டட்லி பீல்டு என்ற வக்கீல் எழுதி வைத்த மசோதாவில் இருந்து கலிபோர்னியாக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள், இங்கே வெள்ளைக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். கோடி கோடியாகச் சம்பளம் வாங்கும் என்ஜினீயருக்கு அங்கே கிடைத்த பாதுகாப்பு சித்தேரிப் பையனுக்கு இங்கேயும் இருக்கிறது. வேலையை விட்ட பிறகு "போட்டிக் கம்பெனியில் சேராதே" என்று தடுக்க முதலாளியால் முடியாது. இதைத்தான் பையனிடம் யாரும் சொல்வதில்லை.

எது குற்றம்?

போவது குற்றம் அல்ல. தூக்கிக்கொண்டு போவது குற்றம்!

அந்தோணி லெவண்டோவ்ஸ்கி என்பவர் கூகுளில் டிரைவர் இல்லாமல் ஓடும் காரைச் செய்த முக்கிய என்ஜினீயர். 2016-ல் வெளியே வந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார். அதே வருஷம் அதை ஊபர் கம்பெனி வாங்கியது. போகும் முன்பு 14 ஆயிரம் ரகசியக் கோப்புகளைக் கம்ப்யூட்டரில் இருந்து எடுத்துக்கொண்டார் என்று 2017-ல் வழக்கு வந்தது. 2020-ல் தொழில் ரகசியத் திருட்டை ஒப்புக்கொண்டார். 18 மாதம் ஜெயில் என்று தீர்ப்பு. ஆனால் கம்பி எண்ணவில்லை. 2021 ஜனவரியில் பதவியை விட்டுப் போகும் நேரத்தில் டிரம்ப் மன்னிப்புக் கொடுத்துவிட்டார். பெரிய இடத்துத் திருட்டு!

திருடியது தொழிலாளி மட்டும் அல்ல. முதலாளிகளும் மாட்டினார்கள். ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோப் முதலிய கம்பெனிகள் "உன் ஆளை நான் இழுக்க மாட்டேன், என் ஆளை நீ இழுக்காதே" என்று தங்களுக்குள் ரகசியமாகப் பேசி வைத்திருந்தன. 2010-ல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. பிறகு சுமார் 64 ஆயிரம் ஊழியர்களுக்காக நடந்த வழக்கில் இந்த நான்கு கம்பெனிகளும் 41 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் ஆயின. 2015-ல் கோர்ட்டு அதை ஏற்றது. பூட்டுப் போட்டது யார் என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

பாண்டு முழுக்கச் செல்லாதா?

அப்படியும் சொல்ல முடியாது. வேலையில் இருக்கும் காலத்துக்குப் போடும் பாண்டு வேறு விஷயம். விஜயா வங்கியில் மூன்று வருஷம் முடியும் முன்பே ஒரு அதிகாரி வேறு வங்கிக்குப் போனார். ரூ.2 லட்சம் கட்டச் சொன்னார்கள். கட்டிவிட்டுக் கேஸ் போட்டார். அந்தப் பாண்டு செல்லும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆள் எடுக்கவே பொதுத்துறை வங்கிக்குப் பெரும் செலவு என்பதை கோர்ட்டு கணக்கில் எடுத்துக்கொண்டது. நியாயம்தான். பயிற்சிக்குச் செலவு செய்த முதலாளிக்கும் வயிறு எரியும்.

ஆனால் பத்து நாள் கிளாஸ் எடுத்துவிட்டு ஐந்து லட்சம் என்று எழுதினால்? அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவைக் காட்ட வேண்டியதுதான். நியாயமான நஷ்ட ஈடுதான் கிடைக்கும், எழுதிய தொகை என்பது அதிகபட்ச வரம்பு மட்டுமே என்கிறது அது.

சர்ட்டிபிகேட்டைப் பிடித்து வைப்பதற்கோ எந்த நியாயமும் கிடையாது. கல்லூரிகள் இப்படிப் பிடித்து வைத்த வழக்கில், சான்றிதழ் விலைக்கு விற்கும் சரக்கு அல்ல, அதை ஈடாக வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை ஐகோர்ட்டு சொல்லியிருக்கிறது. கல்லூரிக்கு இல்லாத உரிமை கம்பெனிக்கு எங்கிருந்து வந்தது?

மலைக்கு இது பழசு

சித்தேரி மலை ஜனங்களுக்கு "அட்வான்ஸ்" என்ற சொல் புதுசு அல்ல. கரும்பு வெட்ட, சூளையில் கல் அறுக்க என்று கீழே போனவர்கள் முன்பணம் வாங்கினால் அது கழியும் வரை ஆள் மேஸ்திரியின் பிடியில்தான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்தாயிற்று. முத்திரைத்தாளும் செக்கும் அந்த அட்வான்சின் பேண்ட் சட்டை போட்ட தம்பிதான்.

மாற வேறு வேலை இல்லாதவன் கதி இந்த மலைக்கு நன்றாகத் தெரியும். 2015 ஏப்ரல் 7-ந்தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அதில் சித்தேரி மலைக் கிராமத்தவர்களும் உண்டு. அந்தக் காட்டுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பையன், இன்னும் நல்ல நாற்காலி கிடைத்தால் எழுந்து போகக்கூடாதா?

கேஸ் நடத்தக் காசு ஏது என்று கேட்கலாம். 1987-ம் வருஷ சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பழங்குடியினருக்கு இலவச வக்கீல் உண்டு. வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. சித்தேரி மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். தர்மபுரி கோர்ட்டில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும்.

அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேரும் நாளில் அசலைக் காட்டிவிட்டு ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். "அசலை வைத்துவிட்டுப் போ" என்றால் கம்பெனி சீல் போட்டு ரசீது கேட்க வேண்டும். அந்தச் சீலைப் போடத்தான் பல மேனேஜர்களுக்குக் கை நடுங்குகிறது.